நடந்தால் இலவசம், உட்கார்ந்தால் கட்டணம்

பூங்கா வாசலில் டிக்கெட் கிழிப்பவளிடம் யாரும் முதலில் டிக்கெட் கேட்பதில்லை, காரணம்தான் கேட்பார்கள்.

ரேஷன் கடை ஜன்னல், கரண்ட் பில் கட்டும் வரிசை, பஸ் பாஸ் கவுன்டர் என்று ஏதாவது ஒரு கம்பிக்கு உள்ளேயோ வெளியேயோ நின்று நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நாம் போடாத சட்டத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வதைவிடத் திருப்பிக் கேள்வி கேட்பதில் ருசி கண்ட ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், ஷேர் ஆட்டோவும் மிஸ்டு காலும் எங்கள் பக்கத்தை ஆண்ட காலத்தில், நான் அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மதிய ஷிப்ட். காலையில் வீட்டில் இருந்தால் அம்மாவோடு வாதம் வரும் என்பதால், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பூங்காவில் டிக்கெட் கவுன்டர் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். நான்கைந்து தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு குழாயும் உள்ள பூங்கா. அந்தப் பக்கத்தில் எல்லாப் பூங்காவும் அப்படித்தான்.

அது ஊர்ப் பொதுப் பூங்கா. பராமரிக்க ஆளில்லை என்று ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். நியாயமாகப் பேச வேண்டுமென்றால், கம்பெனி வருமுன் அங்கே எருமைகளும் உடைந்த பாட்டில்களும்தான் நிம்மதியாக இருந்தன. கம்பெனி வந்தபிறகு விளக்கு எரிந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. கூடவே ஒரு மஞ்சள் நைலான் கயிறும் வந்தது. 'நடைபாதை மக்களுக்கு எப்போதும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும்' என்று குத்தகையில் ஒரு நிபந்தனையாம். கம்பெனி அதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து மதித்தது. நடைபாதையை ஒட்டி உள்பக்கம் முழுக்கக் கயிறு கட்டி, வாசலில் பலகை வைத்தது: நடப்பவர்களுக்கு இலவசம், உட்காருபவர்களுக்குக் கட்டணம். பெஞ்சு, புல், நிழல் மூன்றும் கயிற்றுக்கு அந்தப் பக்கம். என்னிடம் டிக்கெட் கட்டோடு ஒரு விசிலும் கொடுத்தார்கள். டிக்கெட் இல்லாமல் யாராவது உட்கார்ந்தால் ஊத வேண்டும்.

முதல் விசில்

விசிலை நான் முதன்முதலாக ஊதியது கன்னியம்மா அக்காவைப் பார்த்து. கடற்கரைக் குப்பத்திலிருந்து விடிகாலையில் மீனோடு வந்து, எங்கள் தெருக்களில் தலைச்சுமையாக விற்பவர். பதினொரு மணிவாக்கில் அன்னக்கூடை காலியாகிவிடும். பூங்காக் குழாயில் கை கால் கழுவி, கடைசித் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறுவார். எருமைகள் காலத்திலிருந்தே அது அவர் இடம். கயிறு கட்டிய விஷயம் தெரியாமல் அன்றைக்கும் வழக்கம்போலக் கயிற்றைத் தூக்கி, குனிந்து, போய் உட்கார்ந்துவிட்டார்.

ஊதினேன். திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் போய்ப் பலகையில் உள்ளதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல, "நடந்தா காசு இல்லியா? காலைலேர்ந்து நடந்துகினுதான் கீறேன் பாப்பா, அதுக்கு நீ இன்னா குடுப்பே?" என்று கேட்டார்.

நான் நீட்டிய டிக்கெட்

மறுநாள் அக்கா கயிற்றோரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவருடைய பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. முழங்கால் நடுங்குவது கவுன்டரிலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஒரு சுற்று நடந்தார். நடப்பதற்குத்தான் தடையில்லையே. இரண்டாவது சுற்றில் என் கவுன்டரைக் கடக்கும்போது நான் ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன். "என் கணக்குல வெச்சுக்கோங்க அக்கா, போய் உக்காருங்க."

எங்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் எதிரணியை வாயடைக்க வைத்தவள் நான். அக்காவிடம் அது பலிக்கவில்லை. டிக்கெட்டை வாங்கவே இல்லை. கோபமும் இல்லை. "நீ நல்ல பொண்ணு. ஆனா பெஞ்சி இன்னா உங்கப்பன் வாங்கிப் போட்டதா, எங்கப்பன் வாங்கிப் போட்டதா? ஊரு பெஞ்சிக்கு நீ எதுக்குக் காசு குடுக்குறே?" என்று சொல்லிவிட்டு மூன்றாவது சுற்றுக்குப் போனார். உட்காராமலே பஸ் ஏறினார். அன்று வகுப்பில் பேராசிரியர் 'சிவில் உரிமை' என்று ஆரம்பித்ததும் நான் எழுந்து கேட்ட கேள்வியில் அவர் நொந்துபோய், "ஏம்மா, காலைல நீ எங்கே வேலை பாக்குறே?" என்றார்.

நடந்து பார்த்த பெண்

கயிறு வந்தபிறகு எங்கள் ஜனங்கள் செய்த காரியங்களை எழுதாமல் விட்டால் பாவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு நேராக இரண்டு குடும்பங்கள் வந்தன. பெண் பார்க்கிறார்கள். வீட்டில் பார்த்தால் பஜ்ஜி, சொஜ்ஜி, அக்கம்பக்கத்துப் பேச்சு என்று பூங்காவை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பலகையைப் படித்ததும் மாப்பிள்ளையின் அப்பா, "இத்தனை பேருக்கு உக்காரக் காசா? நடந்துகிட்டே பாத்துடுவோம்" என்றார்.

நடந்தார்கள். முன்னால் பெண்ணும் பையனும், நடுவில் அப்பாக்கள், பின்னால் அத்தைகள். பெண்ணின் அம்மா டிபன் டப்பாவைத் திறந்து ஓட்டமும் நடையுமாகக் கேசரி கொடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் அத்தை இரண்டாவது சுற்றிலேயே கயிறு கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உட்கார்ந்துவிடுவாரோ என்று நான் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, கடவுளே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். காலி அன்னக்கூடையோடு எதிரே வந்த கன்னியம்மா அக்கா அவர் தோளைத் தட்டி, "மெதுவா நட, மூச்ச மூக்கால வுடு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கிளம்பும்போது அந்தப் பெண் கவுன்டர் பக்கம் வந்து, யாரும் கேட்காதபடி என்னிடம் சொன்னாள்: "மூச்சு வாங்காம பேசிட்டே வந்தாரு சிஸ்டர், நான் பின்தங்கினப்போ நின்னாரு. ஆள் ஓகே."

சுற்றி வந்தவர்

இன்னொரு ஜோடிக்குத் தலை முழுக்க நரை. அந்த அம்மா மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடைபாதையோரப் பெஞ்சில் உட்காருவார். கணவர் இலவசத்தில் நடப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்துக்கு வரும்போது அந்த அம்மா கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, உரித்த வேர்க்கடலை கொஞ்சம் கொடுப்பார். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போவார். "ரெண்டு பேருமே நடக்கலாமே அம்மா, டிக்கெட் மிச்சம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கம்பெனிக்கு நஷ்டம் தரும் யோசனைகளை மட்டும் நான் தாராளமாக வழங்குவேன். அந்த அம்மா சிரித்தார். "வேணாம்மா. கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் என்னைச் சுத்தி வர்றது இப்பதான். அதுக்கு டிக்கெட் வாங்கலாம்."

ஜமால் பாயின் ஷூ கயிறு

ஜமால் பாய்க்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னதால் வந்தவர், வியாபாரத்தையும் நடைபாதைக்கே கொண்டுவந்துவிட்டார். ஆர்டர் கொடுக்க வருபவரை வாசலிலேயே பிடித்து நடக்கவைப்பார். உட்கார்ந்து பேசினால் இழுபறியாகும் விஷயம் நடந்து பேசினால் அரைச் சுற்றில் முடிந்துவிடுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஒருநாள் ஷூ கயிறு அவிழ்ந்து, பாய் நடைபாதை ஓரத்தில் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் தனசேகர் சார் பார்த்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடம் எதைச் சொன்னாலும் அதை நூறு சதவீதம் நம்பக்கூடியவர், அவ்வளவுதான். "உக்காந்துட்டாரு மேடம், டிக்கெட் போடுங்க" என்றார். நான் விடுவேனா? மண்டியிடுவது உட்காருவதாகுமா, குனிவது எதில் சேரும், தும்மி நிலைதடுமாறி விழுந்தவருக்கு அரை டிக்கெட்டா என்று கேட்டேன். சார் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: பின்பக்கம் தரையையோ பெஞ்சையோ தொட்டால்தான் உட்கார்ந்ததாகக் கணக்கு. ஜமால் பாய் எழுந்து, பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "எங்க பட்டறைல நூல் பிசகாம அளக்க ஆயிரம் கருவி வெச்சிருக்கோம் சார். உங்க கம்பெனிக்கு என்னோட பின்பக்கமே போதும்போல."

குத்துக்கால்

இந்தத் தீர்ப்பை நான் கன்னியம்மா அக்காவிடம் ஒரு நல்ல செய்தியாகக் கொண்டுபோனேன். மறுநாளே அவர் நடைபாதை ஓரத்தில், தன் பெஞ்சுக்கு எதிரே, அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு அமர்ந்தார். தனசேகர் சார் ஓடி வந்தார். அக்கா புடவையைச் சற்று ஒதுக்கி, "பாத்துக்கோ சார். கீழ காத்து போவுது" என்றார். சட்டப்படி அவர் உட்காரவில்லை. ஜமால் பாய் தன் சுற்றில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கை தட்டினார்.

ஆனால் குத்துக்கால் ஓய்வாகுமா? வாசல் வாசலாக மீன் அறுத்துக் கொடுக்க அவர் அப்படித்தான் இருக்கிறார். முழங்கால் வீங்கியே விட்டது. எழும்போது இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். நான்காம் நாள் பலகையில் புதிதாக ஒரு வரி ஏறியது: நடைபாதையில் நிற்பதும் குந்துவதும் கூடாது. நான்தான் அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். ஆட்சியர் வரைக்கும் போகலாம், பத்திரிகைக்கு எழுதலாம், நான் எழுதுகிறேன் என்று கத்தினேன். அக்கா பலகையை ஒருமாதிரி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "என் ஒருத்திக்கோசரமா பெயின்டரக் கூப்ட்டு போர்டு எழுதிக்கீறாங்க? எம் பேரையும் சேத்துப் போடச் சொல்லு பாப்பா."

மேட்

அதற்குப் பிறகு அக்கா ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்தாலும் குழாயில் கால் கழுவிவிட்டு, வெளியே வெயிலில் பஸ் நிறுத்தக் கம்பத்தில் சாய்ந்து நிற்பார். அந்தப் பெஞ்சில் காக்கைதான் உட்கார்ந்தது. அதற்கு விசில் ஊதச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி முதலாளியின் மனைவிக்கு யோகாவில் ஆர்வம் வந்தது. காலைச் சமையலை முடித்துவிட்டு வரும் பெண்களுக்காகப் பதினொரு மணி பேட்ச் ஒன்று, சரியாகக் கடைசி மரத்தடியில், அக்காவின் பெஞ்சுக்கு முன்னால் தொடங்கியது. யோகா மாஸ்டர் படு கறார். வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன். முட்டை போண்டா விற்பவர் வாசலில் நின்றால்கூட மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "காத்து கெட்டுப்போச்சு" என்பார். பலகையில் இன்னொரு வரி: யோகா செய்பவர்கள் உட்காரக் கட்டணம் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், சும்மா உக்காந்தா காசு, உக்காந்து மூச்சு விட்டா இலவசமா? சும்மா உக்காந்திருக்கிறவங்க மூச்சை வீட்ல வெச்சுட்டா வர்றாங்க?" என்று தனசேகர் சாரைப் பிடித்தேன். யார் யோகா செய்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்பதை நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சாருக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போனது. நிர்வாகச் சிக்கல் என்று வந்துவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். மரத்தடியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "ரொம்ப சிம்பிள் மேடம். கீழே மேட் போட்டிருந்தா யோகா."

நீலத் தார்ப்பாய்

இதை நான் யாரிடமும் வேண்டுமென்றே போய்ச் சொல்லவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. பஸ் நிறுத்தம் என் கவுன்டரிலிருந்து கூப்பிடு தூரம்.

மறுநாள் அக்கா வந்தார். மீனைப் பரப்பி விற்கும் நீலத் தார்ப்பாயைக் குழாயடியில் போட்டு, காலால் மிதித்துத் தேய்த்து அலசினார். உதறினார். கயிற்றைத் தூக்கி, மேட் வரிசையின் கடைசியில், தன் மரத்தடியில் அதை விரித்தார். காலை நீட்டினார். அப்படியே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். எத்தனை நாள் பாக்கித் தூக்கமோ, அடுத்த நிமிடமே மார்பு சீராக ஏறி இறங்கியது. விசில் என் உதட்டில்தான் இருந்தது. ஊதவில்லை.

"மேடம், விசில்!" என்று தனசேகர் சார் வந்தார்.

"மேட் போட்டிருக்காங்க சார்."

"அது மீன் தார்ப்பாய் மேடம்!"

"மேட்டை எந்தக் கடையில வாங்கணும்னு பலகைல இல்ல சார்."

அவர் நேராக மரத்தடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். மாஸ்டர் ஏற்கெனவே கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். முட்டை போண்டாவுக்கே அந்தப் பாடு படுத்தியவர். என்னதான் அலசினாலும் தார்ப்பாய் அது எந்தத் தொழிலுடையது என்பதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பெண்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளியின் மனைவி உட்பட. "சார், நீங்களே சொல்லுங்க. இது யோகாவா?" என்றார் தனசேகர் சார், தீர்ப்பு தன் பக்கம்தான் என்ற நிச்சயத்தோடு.

மாஸ்டர் அக்காவின் அருகில் போய்க் குனிந்து பார்த்தார். தளர்ந்து விரிந்த உள்ளங்கைகளை, அசையாத இமையை, வயிற்றிலிருந்து புறப்பட்டு வந்த மூச்சை எல்லாம் ஒரு ஆசிரியர் பார்ப்பதுபோலப் பார்த்தார். மெல்லிய குறட்டை ஒன்றும் அப்போது எழுந்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். மாஸ்டர் முறைத்தார். நிமிர்ந்து, காற்றடிக்கும் பக்கமாக நான்கடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். கைக்குட்டையை எடுக்கவே இல்லை. அந்த மனிதரை நான் இன்றும் மெச்சுவது அதற்காகத்தான்: மூக்கு ஒரு கட்சி, அவர் வேறு கட்சி. கைக்குட்டைக்குள்ளிருந்தே சொன்னார்: "சவாசனம். இவங்கள்ல ஒருத்தராவது வீட்டு கேஸ் அடுப்பை நினைக்காம இப்படிப் படுத்திருக்காங்களான்னு கேளுங்க. அந்தம்மாவை எழுப்பாதீங்க சார், கிளாஸ் நடக்குது."

விசில் இல்லாத நாள்

பிறகு நடந்ததை நீங்களே யூகித்திருப்பீர்கள். அந்த வாரமே பூங்காவுக்குள் மேட் படை புகுந்தது. ஜமால் பாய் பட்டறையிலிருந்து பேக்கிங் ஷீட்டை மடித்துக்கொண்டு வந்தார். கல்லூரிப் பையன்கள் செய்தித்தாளை விரித்தார்கள். கோரைப்பாய், பழைய பெட்ஷீட், ஒருவர் ஸ்கூட்டர் கவரையே கொண்டுவந்தார். புல்வெளி முழுக்க யோகிகள். வேர்க்கடலை அம்மா மட்டும் தொடர்ந்து டிக்கெட் வாங்கினார். காரணம் உங்களுக்குத் தெரியும்.

கம்பெனி சும்மா இருக்குமா? 'மேட் வாடகைக்குக் கிடைக்கும்' என்று பலகையில் எழுதியது. சொந்த மேட்டைத் தடை செய்யவும் பார்த்தது. ஆனால் அடுத்தவர் வியர்வை பட்ட மேட்டில் தன் மாணவிகள் படுக்கமாட்டார்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். முதலாளியின் மனைவியும் அந்த மாணவிகளில் ஒருவர் என்பதால், விஷயம் அத்தோடு நின்றது. கயிறு மட்டும் அப்படியே இருந்தது. என்னைக் கூப்பிட்டு விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்ட தனசேகர் சார் உண்மையிலேயே வருத்தப்பட்டார்: "நீங்க ரொம்ப நல்லா பேசுறீங்க மேடம், ஆனா ஊதவே மாட்டேங்குறீங்களே."

பரீட்சை விடுமுறையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கவுன்டரில் புதுப் பெண். என் விசில் அவள் வாயில். என்னிடம் டிக்கெட்டும் இல்லை, மேட்டும் இல்லை. வாங்கக் கூடாது என்று வீம்பு. படித்துக்கொண்டே நடந்தேன். வெயில் ஏற ஏற எழுத்து ஆடியது, காலும் ஆடியது. ஒரு மனிதருக்கு உட்கார வேண்டும் என்று தோன்றினால் அது எவ்வளவு பெரிய ஆசை என்று அப்போதுதான் என் முழங்காலுக்குப் புரிந்தது. கடைசி மரத்தைத் தாண்டும்போது, நீலத் தார்ப்பாயில் மல்லாந்து கிடந்த கன்னியம்மா அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். புரண்டு ஓரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தை உள்ளங்கையால் தட்டினார். "இன்னா பாப்பா, சுத்திகினே கீறே, பேஜாரா இல்ல? மேட்டு பெருசுதான். வா, வந்து குந்து."

'பொதுச் சொத்தும் குடிமக்கள் உரிமையும்' என்ற தாளில் நான் நல்ல மார்க்கே வாங்கினேன். அதற்குப் படித்தது முழுக்க ஊருக்குச் சொந்தமான ஒரு மரத்தடியில், மீன் வாசம் போகாத ஒரு தார்ப்பாயின் மேல், மூச்சுப் பயிற்சி என்ற பெயரில்.